பனிமலையில் கண்ணாடித் தகடு: சாமுவேல் போர்னின் வாழ்வும் பணியும்

முன்னுரை

குடமுருட்டிக் கரையில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி விடியலில் நெற்பயிரின் நுனியில் தங்கும் நீர்த்துளியே. ஞாயிறு ஒரு பனை உயரம் ஏறுமுன் அது மறைந்துவிடும். முன்பனி, பின்பனி எனப் பருவங்களுக்குப் பெயரிட்ட தொல்காப்பியர் காலந்தொட்டு இன்றுவரை, தமிழகத்துச் சமவெளியில் பிறந்தோர் பனியை இவ்வாறே அறிந்து வந்துள்ளனர். ஆற்றுநீர் கல்லாக இறுகுவதையும், மரங்களின் கிளைகள் வெண்மையின் சுமை தாங்காது வளைவதையும் நம்முட் பெரும்பாலோர் நூல்வழியும் படவழியுமே அறிவோம்.

எனினும் இமயம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் நாட்டின் வடவெல்லையாக அதனைச் சுட்டுகின்றன. சேரருள் ஒருவன் இமயவரம்பன் என்றே பெயர் பெற்றான். கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான் என்பது வழிவழிச் செய்தி. கண்ணகிக்குச் சிலை எடுக்கச் செங்குட்டுவன் கல் கொணர்ந்ததும் அம்மலையிலிருந்தே. இவ்வாறு சொல்லால் மட்டுமே கண்டிருந்த அம்மலையை, மக்கள் தம் இல்லத்திலிருந்தே கண்ணாற் காணுமாறு ஒளிப்படமாக்கித் தந்தோருள் தலைசிறந்தவர் சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் 1863 முதல் 1870 வரை இந்தியாவில் பணியாற்றினார். இமயத்தின் கடுங்குளிரில் அவர் எடுத்த படங்கள் ஒளிப்படக்கலை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவை. அவரே பின்னர் நம் தஞ்சைக்கும் வந்து பெரிய கோயிலைப் படமெடுத்துச் சென்றார் என்பது நமக்கு அவர்பால் தனி ஆர்வத்தை உண்டாக்குகிறது. அவர்தம் வாழ்வையும், அவ்வாழ்வு நம்முன் வைக்கும் வினா ஒன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிறப்பும் இளமையும்

சாமுவேல் போர்ன் 1834ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர், ஷ்ராப்ஷயர் என்னும் இரு மாவட்டங்களின் எல்லைப் பகுதியிலுள்ள சிற்றூரில் பிறந்தார். வேளாண்மை சார்ந்த நாட்டுப்புறச் சூழலில் வளர்ந்தவர். இருபது வயதை ஒட்டி நாட்டிங்காம் நகரிலிருந்த ஒரு வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். நாள்தோறும் கணக்கேடுகளோடு பழகும் பணி. ஆயினும் அவர் உள்ளம் வேறொன்றில் தோய்ந்திருந்தது.

1851ஆம் ஆண்டு ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் படம் பதிக்கும் புதிய முறையொன்றை வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பாவில் ஒளிப்படக்கலை விரைந்து பரவியது. மருத்துவர், சமயகுரு, எழுத்தர் எனப் பல தரத்தாரும் ஓய்வு நேரத்தில் அக்கலையைப் பயின்றனர். போர்னும் அவர்களுள் ஒருவர். இங்கிலாந்தின் ஏரிநாட்டிற்கும் மலைப்பகுதிகளுக்கும் சென்று படங்கள் எடுத்தார். நாட்டிங்காம் ஒளிப்படச் சங்கத்தின் கண்காட்சியில் அவை பாராட்டுப் பெற்றன. 1862ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுப் பொருட்காட்சியிலும் அவர் படங்கள் இடம்பெற்றன. அவ்வாண்டே அவர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். நிலையான வங்கிப் பணியைத் துறந்து, கலையையே தொழிலாகக் கொண்டு இந்தியாவிற்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 28.

சிம்லாவில் தொழில்

1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்த போர்ன், விரைவில் சிம்லாவை நோக்கிச் சென்றார். ஆங்கில ஆட்சியாளர் கோடையைக் கழிக்கும் மலைநகரமாகச் சிம்லா அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அங்கு வில்லியம் ஹோவார்டு என்பவரோடும், பின்னர்ச் சார்லஸ் ஷெப்பர்டு என்பவரோடும் கூட்டுச் சேர்ந்து ஒளிப்பட நிலையம் நிறுவினார். ஹோவார்டு விலகியபின் அந்நிறுவனம் போர்ன் அண்டு ஷெப்பர்டு என்னும் பெயரால் நாடெங்கும் புகழ் பெற்றது. ஷெப்பர்டு படங்களை அச்சிடும் பணியில் வல்லவர். போர்ன் ஊர்தோறும் சென்று படமெடுப்பவர். ஒவ்வொரு தகட்டிற்கும் எண் இட்டுப் பட்டியல் அச்சிட்டனர். வேண்டுவோர் எண்ணைக் குறித்துப் படத்தை விலைக்குப் பெறலாம். இயற்கைக் காட்சி இவ்வாறு விற்பனைப் பொருளாகவும் ஆனது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். போர்ன் அழகை நாடிய கலைஞர். அதே வேளையில் கணக்கறிந்த வணிகர்.

தொடக்கத்தில் இமயத்தின் தோற்றம் அவரை முழுமையாக நிறைவு செய்யவில்லை என்பது வியப்பான செய்தி. இங்கிலாந்தின் ஏரிகளிலும் ஓடைகளிலும் பழகிய கண் அவருடையது. சிம்லாவைச் சூழ்ந்த மலைகளில் நீர்நிலை இல்லை. முன்புறம், நடுப்புறம், தொலைவு எனப் படிப்படியாக அமையும் காட்சி அரிதாகவே கிடைத்தது. மலையின் பேரளவை ஒரு சிறு தகட்டில் அடக்குவது எவ்வாறு என்பது அவருக்குப் பெருஞ்சிக்கலாயிற்று. உயரே சென்றாலன்றி விடை கிடைக்காது என உணர்ந்து பயணத்திற்கு ஆயத்தமானார்.

ஈரத்தகட்டு முறை

போர்னின் பணியை மதிப்பிட, அவர் கையாண்ட முறையை அறிதல் இன்றியமையாதது. இன்று ஒரு விரல் தொட்டால் படம் பதிகிறது. அன்று அவ்வாறன்று. முதலில் கண்ணாடித் தகட்டைக் கறையின்றித் துடைக்க வேண்டும். பின்னர்க் கொலோடியன் என்னும் பசைநீர்மத்தை அதன்மேல் ஊற்றி, தகட்டை நாற்புறமும் சாய்த்து ஒரே சீராகப் பரவச் செய்ய வேண்டும். வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்ககாலிலும் கரைத்து, அயோடைடு உப்புகள் சேர்த்து ஆக்கப்படுவது அந்நீர்மம். அதன்பின் இருளில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தகட்டை அமிழ்த்தி எடுத்தால் அது ஒளியை உணரும் தன்மை பெறும். தகடு ஈரமாக இருக்கும்போதே படக்கருவியில் பொருத்தி, ஒளி காட்டி, உடனே இருட்கூடாரத்திற்கு மீட்டுக் கொணர்ந்து உருத்துலக்கி, நிலைப்படுத்தி, நீரால் கழுவ வேண்டும். ஏறத்தாழக் கால்மணி நேரத்திற்குள் இவையனைத்தும் நிகழ்ந்தாக வேண்டும். ஈரம் உலர்ந்தால் தகடு பயன்படாது. ஆகவே படமெடுப்பவர் செல்லுமிடமெல்லாம் அவருடைய இருட்டறையும் உடன் செல்லவேண்டியதாயிற்று.

இம்முறைக்குக் கடுங்குளிர் பெரும்பகை. மருந்துநீர்கள் குளிரில் தம் வேகத்தை இழக்கின்றன. உருத்துலக்கும் பணி தாழ்கிறது. கழுவுவதற்குரிய நீர் உறைந்துவிடுகிறது. பனியை நெருப்பில் உருக்கியே நீர் பெற வேண்டும். உயரத்தில் விறகும் கிடைப்பதில்லை. விரல்கள் மரத்துப்போனால் வழுக்கும் கண்ணாடியைப் பற்றுவதே அரிதாகும். கையுறை அணிந்து செய்யத்தக்க பணியும் அன்று அது. வெள்ளி நைட்ரேட்டுப் பட்ட தோல் கருக்கும்.

பனிக்காட்சிக்கு இன்னுமொரு தடை உண்டு. கொலோடியன் தகடு நீல ஒளியையே மிகுதியாக ஏற்கும். பச்சையையும் சிவப்பையும் மிகக் குறைவாகவே உணரும். ஆதலால் வானம் வெளுத்துவிடும்; தேவதாரு மரங்கள் கருத்துவிடும். வெண்பனியும் வெளுத்த வானமும் ஒன்றோடொன்று கலந்து மலையின் விளிம்பே தெரியாமற் போகலாம். பனிக்குரிய அளவில் ஒளி காட்டினால் மரங்கள் வெறும் கருநிழலாகும். மரங்களுக்குரிய அளவில் காட்டினால் பனி வடிவிழந்த வெண்பரப்பாகும். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நேர்மையான அளவைக் கண்டறிவதே கலைஞரின் திறம். கதிரவன் சாய்வாக ஒளிவீசும் காலைப்பொழுதையும் மாலைப்பொழுதையும் தேர்ந்து, காற்று அடங்கும்வரை காத்திருந்து, அத்திறத்தைப் போர்ன் வளர்த்துக்கொண்டார். சிம்லாவின் குளிர்காலத்தில் பனிசுமந்து நிற்கும் தேவதாரு மரங்களை அவர் எடுத்த படங்கள் இதற்குச் சான்று. கிளைமேற் படிந்த பனியின் மென்மையும் அடிமரத்தின் கருமையும் ஒன்றையொன்று விழுங்காமல் அவற்றில் நிற்கின்றன.

முதற்பயணமும் காசுமீரப் பயணமும்

1863ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் போர்ன் சிம்லாவிலிருந்து முதற்பயணம் புறப்பட்டார். சுமைதூக்குவோர் முப்பதின்மர் அளவினர் உடன் சென்றனர். 600க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகள், மருந்துப் பெட்டிகள், படக்கருவிகள், இருட்கூடாரம் ஆகியவற்றோடு அவருடைய படுக்கையும் உணவும் பிறவும் அவர்கள் முதுகில் ஏறின. சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே சினி என்னும் ஊர்வரை சென்று, அதற்கு அப்பாலும் ஏறினர். 15,000 அடிக்கு மேற்பட்ட ஒரு கணவாயில் பனிக்கிடையே கூடாரம் அமைத்து, மரத்த கைகளோடு அவர் ஒரு தகட்டைப் பதித்தெடுத்தார். அக்டோபர் 12ஆம் நாள் திரும்பியபோது 147 தகடுகள் அவர் வசம் இருந்தன. பத்து வாரப் பயணத்தில் ஒரு நாளைக்குச் சராசரி இரண்டு தகடுகளே என்று கணக்கிட்டால், ஒவ்வொன்றின் பின்னும் நின்ற உழைப்பு விளங்கும்.

அடுத்த பயணம் 1864ஆம் ஆண்டு காசுமீரத்தை நோக்கியது. மார்ச்சுத் திங்களில் லாகூரிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ ஒன்பது திங்கள் அலைந்தார். சிம்லா மலைகளில் கிடைக்காத நீர்நிலைகள் அங்கு ஏராளமாக இருந்தன. ஸ்ரீநகரில் நெட்டிலிங்கம் போல் நிமிர்ந்து வளரும் பாப்லர் மரங்கள் இருபுறமும் அணிவகுத்த சாலையை அவர் எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. அப்பயணத்தில் 500க்கு மேற்பட்ட தகடுகள் கிடைத்தன. ஆண்டிறுதியில், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், லக்னோவை வந்தடைந்தார்.

மணிரங் கணவாய்

போர்னின் வாழ்வில் முடிமணியாக விளங்குவது 1866ஆம் ஆண்டின் மூன்றாம் பயணம். ஜூலை 3ஆம் நாள் சிம்லாவை விட்டுப் புறப்பட்டார். பிளேஃபேர் என்னும் மருத்துவர் வழியின் ஒரு பகுதிவரை உடன் சென்றார். குலு, லாகுல், ஸ்பிதி ஆகிய பகுதிகளைக் கடந்து, மரமும் செடியும் இல்லாத கற்பாலை போன்ற நிலத்தினூடே அக்கூட்டம் மணிரங் கணவாயை நோக்கி ஏறியது. அக்கால அளவின்படி அதன் உயரம் 18,600 அடி. அங்குக் காற்றில் உயிர்வளி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும்; தலைவலியும் குமட்டலும் தோன்றும். அந்நிலையில் உச்சியில் இருட்கூடாரத்தை நிறுத்தி, மருந்துகளைக் கலந்து, போர்ன் சில தகடுகளைப் பதித்தார்.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1861இல், ஓகுஸ்த் பிசோன் என்னும் பிரெஞ்சுக்காரர் சுமைதூக்குவோர் இருபத்தைவரோடு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்பிளாங்குச் சிகரத்தில் ஏறிப் படமெடுத்திருந்தார். அது 15,800 அடிக்குச் சற்றே குறைந்த உயரமுடையது. போர்ன் அதனினும் ஏறத்தாழ 3,000 அடி மேலே சென்றார். அவருடைய மணிரங் படங்களே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகின் மிக உயர்ந்த இடத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களாக விளங்கின. உலர்தகடுகள் வழக்கிற்கு வந்தபின்னரே பிறர் அவ்வுயரத்தை எட்டினர். 1899இல் கஞ்சன்சங்காவையும் 1909இல் கே-2 பகுதியையும் பெருந்தகடுகளில் பதித்த இத்தாலியர் வித்தோரியோ செல்லாவுக்கு உலர்தகடு துணை நின்றது. இருட்கூடாரத்தைச் சுமக்கும் தேவை அவருக்கு இல்லை. போர்னுக்கு அத்துணை வாய்க்கவில்லை.

மணிரங்கிலிருந்து இறங்கிய போர்ன், பாஸ்பா பள்ளத்தாக்கின் வழியே கங்கோத்திரிப் பனியாற்றை அடைந்தார். பாகீரதி வெளிப்படும் கோமுகம் என்னும் பனிக்குகையைப் படம்பிடித்தார். கோடிக்கணக்கான மக்கள் போற்றும் ஆற்றின் தோற்றுவாயை 1866ஆம் ஆண்டு இருந்தவாறே அப்படம் நமக்குக் காட்டுகிறது. அப்பனியாறு அதன்பின் பெரிதும் பின்வாங்கியுள்ளது. ஆகவே அழகுக்காக எடுக்கப்பட்ட அப்படம் இன்று நிலவியல் சான்றாகவும் மதிப்புப் பெறுகிறது. ஆறு திங்கள் அலைந்து, கிறிஸ்துமசை ஒட்டி அவர் சிம்லாவுக்குத் திரும்பினார்.

சுமந்தவர்கள்

இப்பயணங்களைப் போர்னே விரிவாக எழுதி, இங்கிலாந்தின் ஒளிப்பட இதழொன்றில் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டார். மலையின் மாட்சியைக் கண்டு அவர் உள்ளம் உருகியதை அவற்றில் காண்கிறோம். ஒளிப்படக்கலை மனிதனுக்கு இயற்கையை உற்றுநோக்கக் கற்றுத்தருகிறது என்னும் அவர்தம் உறுதியையும் காண்கிறோம். அவற்றோடு வேறொன்றையும் காண்கிறோம். சுமைதூக்குவோர் பனிவழியில் நடக்க மறுத்தனர். சிலர் சுமையை வழியில் இட்டுவிட்டு ஓடினர். அவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்துப் பணிய வைத்ததை அவர் மறைக்காமல் எழுதுகிறார். மறைக்க வேண்டிய செயலாகவே அது அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் நம்மை வருத்துகிறது.

அம்மக்கள் ஏன் ஓடினர் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். மலைநாடுகளில் அந்நாளில் பேகார் என்னும் கட்டாய ஊழிய முறை வழக்கில் இருந்தது. அதிகாரியோ ஆங்கிலப் பயணியோ வந்தால் ஊர்த்தலைவர் ஆள்களைப் பிடித்துத் தர வேண்டும். கூலி தரப்பட்டாலும் மறுக்கும் உரிமை இல்லை. பயணக்காலமான கோடையும் இலையுதிர் பருவமுமே அம்மக்களுக்கு உழவும் அறுவடையும் நிகழும் காலம். அறுவடைக் காலத்தில் ஒரு குடும்பத்திலிருந்து ஓர் ஆள் குறைந்தால் என்ன நேரும் என்பதைக் காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. போர்ன் தடித்த ஆடையும் காலணியும் அணிந்து ஏறிய பனியில் அவர்கள் எளிய ஆடையோடு ஏறினர். அவரிடம் படைப்பின் இன்பம் இருந்தது. அவர்களிடம் சுமை மட்டுமே இருந்தது. இக்கட்டாய ஊழியத்தை எதிர்த்து 1921ஆம் ஆண்டு குமாவுன் மலைநாட்டு மக்கள் பாகேசுவரத்தில் திரண்டு, ஊழியப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினர் என்பது வரலாறு. போர்னிடமிருந்து ஓடிய அம்மலையக மக்களின் மறுப்பு, இரண்டு தலைமுறைக்குப்பின் மற்றொரு மலைநாட்டில் ஒரு மக்கள் இயக்கமாக எழுந்தது எனலாம்.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். சுமைதூக்குவோரைப் போர்ன் உள்ளிட்ட ஆங்கிலேயர் கூலி என்னும் சொல்லாலேயே குறித்தனர். அது தமிழ்ச்சொல்லே என்பது அறிஞர் ஒரு சாரார் கருத்து. குஜராத்தியக் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததென்பார் வேறு சாரார். தமிழ்ச்சொல்லே எனக் கொண்டால் நாம் காண்பது வருந்தத்தக்க பொருள்மாற்றம். நம் மொழியில் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம், ஆளின் பெயரன்று. ஆங்கிலத்தில் அது ஆளின் பெயராயிற்று. ஊதியம் என்னும் பொருள் உதிர்ந்துவிட்டது.

வகுப்பில் வஞ்சிக் காண்டம் நடத்தும்போதெல்லாம் மாணவியரின் மனத்தைத் தொடும் இடம் ஒன்றுண்டு. கண்ணகி சிலைக்குப் பொதியிலில் கல்லெடுத்துக் காவிரியில் நீர்ப்படை செய்யலாம் என்னும் எளிய வழி இருந்தும், அதனைத் தன் வீரத்திற்குத் தகாதது என விலக்கிச் செங்குட்டுவன் இமயத்தை நாடுகிறான். அக்கல் தோற்ற மன்னராகிய கனகவிசயரின் முடிமேல் ஏறுகிறது. சுமந்தவர் துன்பம் அங்கும் வெற்றியின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டது. ஆயினும் இளங்கோவடிகள் சுமந்தவரின் பெயரை நமக்குத் தந்தார். கல்லை நினைப்போர் கனகனையும் விசயனையும் நினைக்கின்றனர். போர்னின் கண்ணாடியைச் சுமந்தவர்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. 2,200 அளவினவான தகடுகளுக்கு எண்கள் உண்டு. தகட்டைச் சுமந்தவர்க்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

தமிழ் நிலக்கோட்பாடு இவ்விடத்தில் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. முதற்பொருளும் கருப்பொருளும் மட்டும் அமைந்தால் பாட்டு நிறைவதில்லை. உரிப்பொருளாகிய மனித வாழ்வே அதற்கு உயிர். குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பொழுதாக வகுத்த நம் முன்னோர், அக்குளிரில் வாழும் மனிதரின் உள்ளத்தைப் பாடவே அவ்வாறு வகுத்தனர். போர்னின் படங்களில் மனிதர் சிலவிடத்து உள்ளனர். மலையின் பேரளவைக் காட்டும் சிறு புள்ளிகளாக உள்ளனர். அவர்கள் உள்ளத்தைக் காட்டுவது கருவிக்கு அரிது என்பது உண்மையே. ஆனால் கருவியால் ஆகாததை அவர்தம் எழுதுகோலாவது செய்திருக்கலாம், அது செய்யவில்லை.

தென்னாட்டில் போர்ன்

1867ஆம் ஆண்டு தாயகம் சென்ற போர்ன், மேரி டோலி என்னும் அம்மையாரை மணந்து மீண்டும் இந்தியா வந்தார். பின்னர் 1869ஆம் ஆண்டளவில் அவர் தென்னாட்டிற்குப் பயணம் மேற்கொண்டார். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, திருவரங்கம், மதுரை, தஞ்சை ஆகியன அவர் படங்களில் இடம்பெற்றன. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் அதற்குள் தொடர்வண்டி வந்துவிட்டது. இமயத்தில் மனித முதுகில் ஏறிய வகைச் சுமைகள் இங்கு வண்டியில் வர வழி இருந்தது.

பனிக்கு நேர்மாறான இடர் இங்கு அவரை எதிர்கொண்டிருக்கும். கொலோடியனில் கலந்துள்ள ஈதர் 35 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நம் சித்திரை வெயிலில் தகட்டில் ஊற்றும்போதே அது ஆவியாகிப் பசை உலரத் தொடங்கும். இமயத்தில் மருந்து உறங்கிவிடும்; தஞ்சையில் அது பதறி எழும். இவ்விரு துருவங்களையும் ஒரே முறையால் வென்றவர் போர்ன்.

இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற பெரிய கோயிலின் 216 அடி விமானத்தைப் போர்ன் படமெடுத்தபோது, அவருக்குமுன் 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் அக்கோயிலின் கல்வெட்டுகளைத் தொடர்படங்களாகப் பதித்துச் சென்றிருந்தார். டிரைப்பின் நோக்கம் ஆவணம். போர்னின் நோக்கம் தோற்றப் பொலிவு. பனிமுகட்டை நோக்கிய அதே கண்ணோடுதான் அவர் விமானத்தையும் நோக்கினார் என்று தோன்றுகிறது. அடித்தளத்தின் விரிவும், தளங்களின் படிநிலை ஒடுக்கமும், வானத்தைத் தொடும் முடியும் ஒரு மலையின் அமைப்பையே நினைவூட்டுவன அல்லவா? கோயில் விமானங்களுக்குக் கயிலையையும் மேருவையும் உவமை கூறுவது நம் மரபு. தஞ்சை விமானத்திற்குத் தட்சிணமேரு என்னும் பெயரும் உண்டு. வடமேருவைக் கண்ட கண் தென்மேருவையும் கண்டது என்பது பொருத்தமான நிகழ்ச்சியே.

இங்கும் நாம் முன்கூறிய வினா எழாமலில்லை. விமானத்திற்குக் கல் சுமந்தவர் யாவர்? இராசராசன் தன் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடை அளித்தோரையும், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும், இசைவாணரையும், விளக்குக்கு ஆடு ஏற்றோரையும் பெயர் சுட்டிப் பொறித்தான். அவ்வளவு விரிந்த ஏட்டிலும் கல் சுமந்த ஆயிரவர் பெயர்கள் இல்லை. ஆகவே இக்குறையைப் போர்ன் என்னும் அயலார் ஒருவர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

இறுதிக்காலம்

1870ஆம் ஆண்டின் இறுதியில் போர்ன் இந்தியாவை விட்டு நீங்கினார். அவர் பணியைக் காலின் மர்ரே என்பவர் தொடர்ந்தார். நாட்டிங்காம் திரும்பிய போர்ன், தம் மைத்துனரோடு சேர்ந்து பருத்தி நூல் முறுக்கும் ஆலை நடத்தினார். செல்வமும் மதிப்பும் பெற்று நகரின் கௌரவ நீதிபதியாகவும் விளங்கினார். தூரிகையைக் கையிலெடுத்து நீர்வண்ண ஓவியங்கள் தீட்டுவதில் பிற்காலத்தைக் கழித்தார். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தம் 77ஆம் வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய நிறுவனம் கல்கத்தாவில் நெடுங்காலம் இயங்கியது. 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரைப் படமெடுத்ததும் அந்நிறுவனமே. 1991ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்தில் அதன் பழஞ்சேமிப்பின் பெரும்பகுதி அழிந்தது. பனியையும் கணவாயையும் கடந்து வந்த செல்வத்தை நகரத்தின் நடுவே நெருப்புக் கொண்டது. 2016ஆம் ஆண்டு அந்நிறுவனமும் மூடப்பட்டது. நல்வினையாக, அக்காலத்தில் விற்கப்பட்ட படிகள் இலண்டனின் பிரித்தானிய நூலகத்திலும், தில்லியின் அல்காசித் தொகுப்பிலும், பிற இடங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன. ஓலைச்சுவடி ஒன்று அழியினும் படியெடுத்த சுவடியால் நூல் பிழைத்த கதையை நாம் அறிவோம். ஒளிப்படத்திற்கும் அதுவே நேர்ந்தது.

முடிவுரை

சாமுவேல் போர்ன் வங்கி எழுத்தராகத் தொடங்கி, ஏழாண்டு இந்திய வாழ்வில் உலகம் காணாத உயரங்களைக் காட்டியவர். குளிரில் செயலிழக்கும் மருந்தையும், உடையும் கண்ணாடியையும், மரக்கும் விரலையும் கொண்டு அவர் படைத்தவை எளிதிற் கடக்கத்தக்கவை அல்ல. பொறுமையும் ஒழுங்கும் கலைக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அதே வாழ்வு, அழகை நோக்கும் கண் அருகில் நிற்கும் மனிதரைக் காணாது போகலாம் என்பதற்கும் சான்று. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது வாழ்க்கை வரலாறு ஆகாது. அவர் படங்களை விலக்கிவிடுவதும் விடையன்று. அவ்வாறு விலக்கினால் அப்பனியில் சுமந்து நடந்தவர்களின் ஒரே சுவடும் மறைந்துவிடும். அவர்கள் ஏறினார்கள் என்பதற்கு அப்படங்களே எஞ்சிய சான்று.

பத்தாண்டுகளாக நூல்களையும் நூலாசிரியர்களையும் போற்றிவரும் நம் இலக்கிய வட்டம், இனிவரும் ஆண்டுகளில் நம் படுகையின் பெயரறியா உழைப்பாளரின் நினைவுகளையும் தொகுக்க முன்வருமாயின் அது நற்பணியாகும். பாபநாசத்துப் பழைய நெற்களஞ்சியத்தைக் காண வருவோர் அதன் உயரத்தையும் நாயக்கர் காலத்துக் கட்டடத் திறனையும் வியந்து செல்கின்றனர். அதனை நிரப்ப மூட்டை சுமந்தவர்களைப் பற்றி நம் முதியோர் வழிவழியாகக் கேட்ட செய்திகள் எவையேனும் எஞ்சியிருக்குமாயின், அவற்றை எழுதிவைக்க இதுவே காலம்.